மோட்டார் இறக்குபவர்

மார்ச் மாதத்துக் காலை, பதினோரு மணி. புதுச்சேரியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஸ்கூபா டைவிங் கற்றுத்தரும் ஒரு கடை. பழைய வீட்டைத்தான் கடையாக்கியிருக்கிறார்கள். துணி காயவேண்டிய கொடியில் கறுப்பு ரப்பர் உடுப்புகள், ஆள் இல்லாமல் கையும் காலும் தொங்கவிட்டுக் காய்கின்றன. முற்றத்தில் ஒரு சிமென்ட் தொட்டி, இடுப்பளவு தண்ணீர். சுவரோரம் காற்று உருளைகள் கல்யாண மண்டபத்து கேஸ் சிலிண்டர்கள்போல வரிசை பிடித்து நிற்கின்றன.

என் தங்கை மகன் உள்ளே வகுப்பில் இருக்கிறான். அவன் வெளியே வரும்வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் வேலை. நேற்றும் இதே வேலைதான். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குக் கண்ணும் காதும் கூடுதலாகவே உழைக்கின்றன.

"ஏனுங்க, கடலுக்குள்ள எறக்கறது இங்கதானுங்களா?"

வாசலில் நின்று கேட்டவருக்கு ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து இருக்கும். அரைக்கை வெள்ளைச் சட்டை. பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர். வலது கட்டைவிரல் நகம் எப்போதோ அடிபட்டுக் கறுத்தது. தடித்த கண்ணாடி, அதற்குப் பின்னால் கண்கள் சிறுத்துப் போய், கிணற்றின் அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தன. இதையெல்லாம் அப்புறம்தான் கவனித்தேன். முதலில் கண்ணில் பட்டது மீசை. மூக்குத் துவாரத்தை ஒட்டியே தொடங்கி, உதட்டை மூடி, இரு ஓரங்களிலும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. சாயம் பூசாதது. கறுப்பும் வெள்ளையும் சரிபாதி.

பின்னால் மகள். இருபத்தைந்து வயதிருக்கும். பணம் கட்டியது, தேதி குறித்தது எல்லாம் அவள்தான் என்பது வந்த வேகத்திலேயே தெரிந்தது.

"வாங்க சார், உக்காருங்க" என்றார் மாஸ்டர். கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பது வயது, வெயிலில் வெந்த முகம், அதில் கண்ணைச் சுற்றி மட்டும் மாஸ்க் வடிவத்தில் ஒரு வெளிறல்.

வந்தவர் உட்காரவில்லை. செல்போன் உறையின் பின்னால் மடித்து வைத்திருந்த கண்ணாடிச் சீட்டை எடுத்து நீட்டினார். கோயம்புத்தூர்க் கண்ணாடிக் கடைச் சீட்டு. வலது: மைனஸ் 4.50, சிலிண்டர் மைனஸ் 1.00. இடது: மைனஸ் 5.25, சிலிண்டர் மைனஸ் 1.50. கிட்டத்தில் படிக்கக் கூடுதலாகப் பிளஸ் 2.00. மாஸ்டர் வாய்விட்டுப் படித்ததால் எனக்கும் தெரிந்தது.

"இந்தப் பவருக்கு இருக்குதுங்களா? இல்லீன்னா நான் இதக் கொண்டாந்திருக்கறனுங்க" என்று பையிலிருந்து ஒன்றை எடுத்தார். பவர் வைத்த நீச்சல் கண்ணாடி. இணையத்தில் வாங்கியது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

மாஸ்டர் அதைத் தொடவே இல்லை. "குளத்துக்கு சரி சார். இதுல மூக்கு வெளிய இருக்கு. நாம கீழ போகப்போக வெளிய பிரஷர் ஏறும். பத்து மீட்டர் போனா இங்க இருக்கறதுக்கு ரெண்டு மடங்கு. கண்ணுக்கு முன்னாடி அடைஞ்ச காத்து சுருங்கும். மூக்கு உள்ள இருந்தா கொஞ்சம் மூச்ச விட்டு சரிக்கட்டலாம். இதுல வழி இல்ல. கண்ணப் புடிச்சு உறிஞ்சி, வெள்ள முழியெல்லாம் ரத்தம் கட்டிக்கும்."

சாதாரண ஆளாக இருந்தால் இந்த இடத்தில் முகம் மாறும். இவருக்குப் பிரகாசமானது.

"அட, எங்க மோட்டார் மாதிரியேங்க! சப்மெர்சிபிளுக்கு அடியில ஒரு ரப்பர் டயாபிரம் வெச்சிருப்பமுங்க. உள்ள தண்ணி ரொப்பியிருக்கும். வெளிய பிரஷர் ஏறுனா டயாபிரம் உள்ளவாட்டி அமுங்கி ரெண்டையும் சரிக்கட்டிரும். அது இல்லீன்னா சீல் போயிருமுங்க."

அப்படித்தான் அவர் தொழில் வெளியே வந்தது. கோயம்புத்தூரில் பம்ப் பட்டறை. முப்பது வருஷமாக நீர்மூழ்கி மோட்டார் செய்து, ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிக் கொடுக்கிறவர். அவர் இறக்கியதெல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கிறது. அவர் மட்டும் போனதில்லை.

"எத்தன அடிங்க எறக்குவீங்க?"

"முத தடவங்கறதால பன்னெண்டு மீட்டரைத் தாண்டமாட்டோம் சார். நாப்பது அடி."

"நாப்பதடியா! நான் எண்ணூறடி போருக்குள்ள எறக்கறவனுங்க. நாப்பதடிங்கறது எங்க பக்கம் மேல்கெணறு."

"மோட்டார் மூச்சு விடாதே சார்."

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.

சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார் மாஸ்டர். அது எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடி போட்ட எவரும் இங்கே வந்ததும் பவரைத்தான் பேசுகிறார்கள். நேற்றிலிருந்து பார்க்கிறேன், நாலு பேர். நாலு பேரிடமும் மாஸ்டர் சொன்னது ஒன்றே. "மொதல்ல மொகம். அப்புறம் கண்ணு." பவர் நூற்றுக்கு நூறு சரியாக இருந்து ஓரத்தில் தண்ணீர் ஏறினால், தெளிவாகத் தெரியப்போவது அந்தத் தண்ணீர்தான்.

பலகையில் பத்துப் பதினைந்து மாஸ்க்குகள் தொங்கின. மகள் ஓடிப்போய் ஒன்றை எடுத்தாள். நீல விளிம்பு, குறுக்கே ஒரே கண்ணாடி, முகத்தோடு ஒட்டி உட்கார ஒளி ஊடுருவும் சிலிக்கான் பாவாடை. "அப்பா, இது சூப்பரா இருக்குங்க."

"அது உனக்கும்மா" என்றார் மாஸ்டர். "ஒத்தக் கண்ணாடி. அதுல பவர் லென்ஸ் மாட்ட எடம் இல்ல. அப்பாவுக்கு ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா இருக்கறதுதான்."

அவளுக்கும் முன்பு பவர் இருந்ததாம். லேசர் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. கடலுக்குள் போகலாம் என்று கண் மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளைக் கேட்காமலே காட்டினாள்.

"சார், கண்ணாடியக் கழட்டுங்க."

கழற்றினார். கழற்றியதும் ஆள் மாறிப்போனார். கழுத்து முன்னால் வந்தது. கை மேஜையைத் தடவியது. மைனஸ் 5 உள்ளவருக்கு, கண்ணாடி இல்லாவிட்டால், இருபது சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை. ஒரு சாண் நீளத்தில் உலகம் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் மழை பெய்த கண்ணாடி ஜன்னல். எண்ணூறு அடி இறக்குகிறவர் இப்போது தன் மகள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று குரலை வைத்துத் தேடினார். "கண்ணு, என்ற கண்ணாடியப் பத்திரமா வெய்யி."

கொங்கு நாட்டில் பிள்ளைகளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை அந்தச் சொல் இரண்டு வேலை பார்த்தது.

தண்ணீருக்குள் நல்ல கண்ணும் இதைவிட மோசம் என்பது ஒரு வேடிக்கை. நம் கண்ணின் ஒளி மடக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது முன்னால் இருக்கும் கருவிழிப் படலத்தின் வளைவு. காற்றிலிருந்து ஒளி வந்தால்தான் அந்த வளைவுக்கு வேலை. கண்ணைத் தண்ணீர் தொட்டுவிட்டால், படலமும் தண்ணீரும் ஒளிக்கு ஏறக்குறைய ஒரே பொருள். வளைவு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். நாற்பது பவர் ஒரே முக்கில் காணாமல் போகிறது. மாஸ்க் செய்வது ஒன்றும் பெரிய மாயமில்லை. கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

மாஸ்க் இல்லாமல் பார்ப்பவர்களும் உண்டு. தாய்லாந்துக் கரையோரம் மோக்கன் என்று கடலோடிகள். அவர்களின் பிள்ளைகளுக்குத் தண்ணீருக்குள், ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரு மடங்கு நுணுக்கமாகத் தெரிகிறது என்று அன்னா கிஸ்லென் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 2003-இல் எழுதினார். கண்ணின் பாப்பாவை மிகச் சிறிதாகச் சுருக்கிக்கொள்கிறார்களாம். ஸ்வீடன் பிள்ளைகளைப் பழக்கியபோது அவர்களுக்கும் அது வந்திருக்கிறது. ஆனால் அது பிள்ளைகளின் கண். நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் வெறுங்கண்ணோடு போய்ச் சிப்பியை அள்ளினார்கள். இன்று பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். விரலில் துணி சுற்றி, சேலைமேல் சட்டை போட்டு, நெற்றியில் அந்தக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர்கள் கரையேறுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் யாருக்கு மைனஸ், யாருக்குப் பிளஸ் என்று எந்தக் கடையில் யார் கேட்டிருப்பார்கள்?

இங்கே முதல் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. அகலம் அதிகம், பொட்டுப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. இரண்டாவதைக் கொடுத்தார் மாஸ்டர். "வாரைப் பின்னாடி மாட்டாதீங்க. சும்மா மொகத்துல வெச்சு, மூக்கால மெதுவா ஒரு இழு. கைய விட்டுடுங்க. தானா நிக்கணும்."

இழுத்தார். கையை விட்டார். இரண்டு நொடி நின்று, புஸ்ஸென்ற சத்தத்தோடு மடியில் விழுந்தது.

மூன்றாவது, கறுப்புப் பாவாடை, பார்க்க அழகில்லாதது. இழுத்தார். நின்றது. நாலு, ஐந்து எண்ணும்வரை நின்றது. மெல்ல ஒரு சீட்டி ஒலி கேட்டது; விழுந்தது.

"ஏர் உறிஞ்சுதுங்க" என்றார். தொழில்காரர் குரல் திரும்பி வந்திருந்தது. மாஸ்க்கைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, விரலால் பாவாடையின் ஓரத்தைச் சுற்றித் தடவினார். இரட்டை மடிப்பு. உள்மடிப்பு மெல்லியது. "நல்ல மெட்டீரியல். ரெண்டு லிப்பு குடுத்திருக்கறான். ஆயில் சீல்ல இப்புடித்தான் இருக்கும். சீலு மேல தப்பில்லீங்க. உக்கார்ற மொகத்துல ஏதோ தூசி."

யாரும் பேசவில்லை. மாஸ்டர் கூரையைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். நான் தொட்டியைப் பார்த்தேன். முற்றத்தில் மாஸ்க்குகளைக் கழுவிக்கொண்டிருந்த பையன், மீனவக் குப்பத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது இருக்கும், தலை தூக்காமல் சொன்னான்:

"மீசை சார்."

அவர் கை தானாகப் போய் மீசையின் வலது முனையைத் தொட்டது. பையனை முறைக்கப் பார்த்தார்; கண்ணாடி இல்லாமல் எந்தப் பக்கம் முறைப்பது என்று தெரியவில்லை.

"அது அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்று மாஸ்டர் புகுந்தார். "மாஸ்க் இதுதான். லென்ஸ மாட்டிப் பாத்துரலாம்."

இதற்கு நடுவில் இரண்டு கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். ஒருவனுக்கு மைனஸ் 1.25. "ஒண்ணும் வேணாம், அப்படியே போ. தண்ணிக்குள்ள எல்லாமே கொஞ்சம் கிட்ட வந்து நிக்கும்" என்று அவனை முடித்துவிட்டார். மற்றவனுக்கு மைனஸ் 7. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தான். இதற்குத்தான் மாஸ்டர் நேரம் எடுத்துக்கொண்டார். மெதுவான லென்ஸா, கெட்டியானதா? மெதுவானதுதான். சரி. கெட்டி லென்ஸுக்கு அடியில் மேலே ஏறும்போது காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் போடுவதா, அன்றன்றைக்கு எறிவதா? மாதத்துக்கு ஒன்று. "நாளைக்கு மட்டும் அன்னன்னிக்கு எறியறது வாங்கிக்க. கடல் தண்ணி பட்டா அதுல இருக்கற கிருமி லென்ஸோட ஒட்டிக்கிட்டு கண்ணுலயே தங்கும். மேல வந்ததும் கழட்டிப் போட்டுரு. பைப்புத் தண்ணியில கழுவி மறுபடி மாட்டாத. அப்புறம், மாஸ்க்ல தண்ணி ஏறி அத வெளியேத்தற பயிற்சி வரும்ல, அப்ப கண்ண மூடிக்க. தெறந்தே இருந்தா லென்ஸ் மீனுக்குப் போயிரும்." பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டும் வேகத்தைப் பார்த்தால் மருந்துக் கடைக்குப் போவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாஸ்டர் அலமாரியிலிருந்து ஒரு தட்டையான பெட்டியை எடுத்துவந்தார். திறந்தால் சின்னச் சின்ன அறைகள், ஹோமியோபதி டாக்டரின் பெட்டிபோல. ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸ். மைனஸ் 1-இலிருந்து 8 வரை, அரை அரைப் பவராக. வலதுக்குத் தனி, இடதுக்குத் தனி. இந்த ஒரு வகை மாஸ்க்குக்கு மட்டும்தான் பொருந்துமாம். பக்கத்தில் தொங்குவதற்குக்கூட ஆகாதாம்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்ட பம்ப்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இதுல நாலரையும் இருக்குது, அஞ்சும் இருக்குது. அஞ்சே கால் இல்லீங்களே. சிலிண்டர்?"

"சிலிண்டர் இதுல வராது சார். சிலிண்டர்ல பாதியை எடுத்து பவரோட சேத்துருவோம். உங்களுக்கு வலது நாலரை, சிலிண்டர் ஒண்ணு, அதுல பாதி அரை, ஆக அஞ்சு. இடது அஞ்சே கால், சிலிண்டர் ஒன்றரைல பாதி முக்கா, ஆக ஆறு."

"தோராயக் கணக்குங்க."

"தோராயந்தான். சிலிண்டர் ரொம்பப் பெரிசா இருந்தா, இல்ல நீங்க வருசா வருசம் டைவ் பண்றவரா இருந்தா, உங்க சீட்டுப்படி லென்ஸ் அரைச்சு மாஸ்க் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டித் தருவாங்க. சிலிண்டர், கிட்டப் பார்வை எல்லாம் வரும். ரெண்டு கருவிழிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்து குடுக்கணும். நாளாகும், செலவாகும். ஒரு நாள் கூத்துக்கு இது போதும்."

வலதில் 5, இடதில் 6 மாட்டினார். பழைய கண்ணாடியை அழுத்தி வெளியே எடுத்து, லென்ஸை உள்ளே வைத்து, சட்டத்தை இறுக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பம்ப்காரர் ஒவ்வொரு அசைவையும் பார்த்தார். லென்ஸின் ஓரத்தில் ஏதோ எழுத்து இருப்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். பதப்படுத்திய கண்ணாடி என்பதற்கான குறி. உடைந்தாலும் கத்திபோலக் கீறாமல் சில்லுச் சில்லாகத்தான் போகும் என்றார் மாஸ்டர். அந்தக் குறி இல்லாத மாஸ்க் எதையும் வாங்கவேண்டாம் என்று, கேட்காமலே, எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அடுத்தது எச்சில். பையன் வந்து, கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்ளே துப்பித் தேய்த்துக் கழுவவேண்டும் என்றான். மகள் முகம் சுளித்தாள். பம்ப்காரர் மட்டும், "வெத்தல போடற பழக்கமில்லீங்க, சுத்தமானதுதான்" என்று சொல்லிவிட்டுத் துப்பினார். புது மாஸ்க்காக இருந்தால் எச்சில் போதாதாம். வார்ப்பில் வந்த சிலிக்கான் படலம் கண்ணாடியில் ஒட்டியிருக்குமாம். வெள்ளைப் பற்பசை வைத்து நாலைந்து முறை தேய்த்தால்தான் போகுமாம். இவனுக்கு அந்த வேலைதான் வாரம் முழுக்க.

தொட்டியருகே போனார்கள். நானும் பெஞ்சின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்தேன்.

மண்டிபோட்டு, மீசைக்கும் சேர்த்து மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்தார். பத்து நொடி. எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி வைத்தார். இந்த முறை ஒரு கையையும் உள்ளே விட்டு, விரல்களை முகத்துக்கு முன்னால் விரித்தார்.

"என்ற கையே பெருசாத் தெரியுதுங்க. கறுத்த நகம், இத்தாச்சோடு இருக்குது."

"மூணுல ஒரு பங்கு பெருசாத் தெரியும் சார். நாலடில இருக்கறது மூணடில இருக்கற மாதிரி. மீனைப் பத்திக் கத சொல்றவங்க எல்லாம் அதனாலதான் கைய அகட்டிக் காட்டறாங்க."

"தூரம் நல்லாத் தெரியுதுங்க. தொட்டி மூலைல ஒரு ஆணி துருப் புடிச்சிருக்குது பாருங்க."

பையன் அழுத்தமானியைத் தண்ணீரில் இறக்கினான். உருளையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் முள். முதல்நாள் வருகிறவர்களுக்கு அதைக் கூட வருகிறவரே பார்த்துக்கொள்வார். ஆனாலும் மாஸ்டர் எல்லோரையும் படிக்கவைக்கிறார்.

படிக்கமுடியவில்லை. கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். "முள்ளு இருக்குது. நெம்பர் தெரியலீங்க."

இதுதான் ஐம்பதைத் தாண்டியவர்களின் சங்கடம். தூரத்துக்கு முழுப் பவரும் கொடுத்தாயிற்று, கிட்டத்துக்கான 2.00 மேஜைமேல் கிடக்கும் கண்ணாடியில் அல்லவா இருக்கிறது!

மாஸ்டர் இடது லென்ஸைக் கழற்றினார். 6-ஐப் பெட்டியில் வைத்துவிட்டு 5-ஐ எடுத்தார்.

"ஏனுங்க, அதுக்கு ஆறுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு பவர் கொறையுதுங்களே."

"கொறையட்டும் சார்."

"ஒரு பவருங்க! நாங்க நூத்துல ஒரு மில்லி தப்புனா ஷாஃப்ட்ட ஸ்கிராப்புல போடறவங்க."

"மாட்டிப் பாத்துட்டு ஸ்கிராப்புல போடுங்க."

முகம் தண்ணீருக்குள் போனது. கை நீண்டது. அழுத்தமானி தள்ளிப் போயிற்று. அந்த முதுகு அசையாமல் நின்றதைப் பார்த்து, படித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, திரும்பவும் முக்கிப் பார்த்தார்.

"நூத்தித் தொண்ணூறு பார்" என்றார். பிறகு தனக்குள்ளேயே சொல்வதுபோல், "ஆயிரத்தித் தொளாயிரம் மீட்டர் ஹெட்டு. சின்ன டேங்குக்குள்ள."

வலது கண் தூரத்துக்கு, இடது கண் கிட்டத்துக்கு. மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் என்று விளக்கினார் மாஸ்டர். பவர் குறைத்த இடது கண்ணுக்குத் தூரம் சற்று மங்கும். வலது கண் அதை மறைத்துவிடும். நடுவில் ஏறி இறங்கும்போது படியில் மட்டும் கவனம். அவர் இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. பெட்டிக்குள் போன 6-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். அளவுக்குச் சரியான ஒன்று வேலைக்கு ஆகாமல் போனதை அவரால் தாங்கமுடியவில்லை என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருந்தது மீசை.

"சிலிக்கான் கிரீஸ் போட்டா நிக்குங்களா?" என்று அவரே ஆரம்பித்தார். "ஓ-ரிங்குக்குப் போடறது. வண்டியில வெச்சிருக்கறேன். வாசலின் ஆகாது, ரப்பர ஊத வெச்சிரும்."

"போடலாம் சார். கொஞ்சம் நிக்கும். ஆனா உங்களுது..." என்று இழுத்தார் மாஸ்டர்.

"முழுசா எடுக்க வேணாம் சார்" என்றான் பையன். "மூக்குக்குக் கீழ ஒரு கோடு. பாவாடை உக்கார்ற அளவுக்கு மட்டும். எங்க சித்தப்பா அப்படித்தான் வெச்சிருக்காரு. தூரத்துல பாத்தா தெரியாது." விரலால் தன் மீசையில்லாத உதட்டின்மேல் வரைந்து காட்டினான். அரை விரல் அகலம்.

மகள் போனை எடுத்து ஊருக்கு அடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருக்கவேண்டாம்.

"அம்மா, அப்பா மீசையக் கொஞ்சம் எடுக்கோணுமாம்."

அந்தப் பக்கம் சில நொடிகள் சத்தமில்லை. பிறகு, "எடுக்கச் சொல்லு. இருபத்தெட்டு வருசமா நான் சொல்றேன், கேக்குல. கடலுக்காச்சும் கேக்கட்டும்."

"சரி சரி, வெய்யி" என்றார் அவர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

போகும்போது மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். "கீழ சிரிக்காதீங்க சார். சிரிச்சா கன்னம் மடியும். மடிப்பு வழியா தண்ணி ஏறும்."

"நான் சிரிக்கற ஆளே இல்லீங்க" என்றார். மகள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை ஆறரைக்குத் துறைமுகம். வலை காயும் வாசனை, டீசல் வாசனை, டீ வாசனை மூன்றும் கலந்த காற்று. தங்கை மகனை ஏற்றிவிட நானும் போயிருந்தேன். படகில் காற்று உருளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கான்டாக்ட் லென்ஸ் பையன் வந்திருந்தான். கையில் புதிய டப்பா. மருந்துக் கடைக்குப் போயிருக்கிறான். நேற்று அவனைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன்.

பம்ப்காரரை முதலில் அடையாளம் தெரியவில்லை. கறுப்பு ரப்பர் உடுப்பில் இருந்தார் என்பதால் அல்ல. மூக்குக்கும் மீசைக்கும் நடுவே ஒரு கோடு. வெயில் படாத வெள்ளைத் தோல், வரப்புபோல. அளந்து எடுத்திருக்கிறார், இடதும் வலதும் ஒரே அகலம். முனைகள் முறுக்குக் குலையாமல் இருந்தன. அந்தக் கோட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. கண்ணாடியைக் கழற்றினால் படகுக்கு ஏறும் பலகை தெரியாது. கழற்றாவிட்டால் படகில் எங்கே வைப்பது? மகளும் கூடத்தான் குதிக்கப்போகிறாள். படகில் நனையாத இடம் என்று ஒன்று இல்லை. பவர் வைத்த மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். கழற்றிய கண்ணாடி எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் உள்பட.

அவர் சுற்றிலும் பார்த்தார். கரையில் நிற்பது நான் மட்டும். நேற்று நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க வரலீங்களா? அப்ப இதக் கொஞ்சம் வெச்சிருங்க."

கண்ணாடி என் கைக்கு வந்தது. கறுப்பு மாஸ்க்கை முகத்தில் ஏற்றிக்கொண்டு, அதோடேயே பலகையில் நடந்து, படகின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். மற்ற எல்லோரும் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கரையிலேயே முக்குளிக்கிறவரை வேடிக்கை பார்த்தார். படகு முகத்துவாரத்தைத் தாண்டும்வரை அந்த மாஸ்க் திரும்பித் திரும்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனது.

மூன்றரை மணி நேரம் கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. என்னுடையதற்குப் பக்கத்தில் அது இரண்டு மடங்கு கனம். ஒருமுறை எடுத்து மாட்டிப் பார்த்தேன். துறைமுகம் முழுவதும் சுருங்கி, எட்டிப்போய், சாய்ந்தது. உடனே கழற்றிவிட்டேன்.

பத்தரை மணிக்குப் படகு வந்தது. மாஸ்க்கோடேயே பலகையில் இறங்கினார். என்னைத் தேடி நேராக வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாஸ்க்கை இழுத்து மேலேற்றியதும், கண்ணைச் சுற்றிப் பாவாடை பதிந்த வட்டம் சிவப்பாகத் தெரிந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு மிடறு கடல் தண்ணீர் அவர் கன்னத்தில் வழிந்தது.

பையன் பார்த்துவிட்டான். "தண்ணி ஏறுச்சா சார்? மீசையா?"

"மீச இல்லீங் தம்பி." கண்ணாடியை வாங்கி ஈரக் காதில் மாட்டிக்கொண்டார். "ஒரு மீனு வந்துட்டு, மூஞ்சிக்கு நேரா நின்னு பாத்துது. சிரிச்சுப்போட்டேன்."

பிறகு மாஸ்டரிடம் போய், அந்தக் கறுப்பு மாஸ்க்கை விலைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். இடது லென்ஸ் 5-லேயே இருக்கட்டும் என்றார்.